செருப்பு கழன்றது தெரிந்ததா?

காலையில் பாயைவிட்டு எழ முடியவில்லை. "கை கால் விழுந்துவிட்டது" என்று சொல்லி வீட்டார் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். இந்த ஒரே வாசகத்தோடு நான்கு பேர் ஒரே நாளில் ஒரே ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கலாம். ஒருவருக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இரவில் அடைத்துக்கொண்டிருக்கும். வலக்கையும் வலக்காலும் போய், வாய் கோணி, பேச்சு குழறியிருக்கும். இரண்டாமவருக்கு மூன்று நாளுக்கு முன் பாதத்தில் தொடங்கிய தளர்ச்சி இப்போது இடுப்பைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும். முதுகெலும்பைவிட்டு வெளியே வந்த நரம்புகளை அவருடைய எதிர்ப்புச் சக்தியே அரித்துக்கொண்டிருக்கும். மூன்றாமவர் தரையில் படுத்துத் தூங்கியபோது கட்டுவிரியன் கடித்ததை அறியாதவர். இமை தூக்க முடியாமல் சொருகிக் கிடக்கும், நரம்பின் நுனி தசையைத் தொடும் நுண்ணிய இடத்தில் விஷம் வேலை செய்துகொண்டிருக்கும். நான்காமவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்திருக்கும். அதைச் சரிசெய்தால் ஒரே நாளில் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போய்விடக்கூடியவர். புகார் ஒன்று, இடம் நான்கு. ஒருவருக்கு உயிர்காக்கும் மருந்து இன்னொருவருக்கு வீண். சில சமயம் ஆபத்து.

நம் பேச்சு வழக்கு இவை எல்லாவற்றையும் வாதம் என்ற சொல்லுக்குள் போட்டுவைத்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லுக்கு முன்னால் நாம் ஒட்டும் அடைமொழிகளில் ஓர் இடக்குறிப்பு இருப்பதைக் கவனிக்கலாம். பக்கவாதம் என்றால் பெரும்பாலும் மூளை. இளம்பிள்ளை வாதம் என்றால் தண்டுவடத்தின் முன்பகுதியில் இருக்கும் செல்கள். முகவாதம் என்றால் காதுக்குக் கீழே வெளிவந்து முகத்தில் பரவும் நரம்பு. (முடக்குவாதம் மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை, அது மூட்டு நோய்.) இந்தக் கொஞ்ச நஞ்ச இடக்குறிப்பையும் அழித்துவிடுகிற இன்னொரு சொல் நம்மிடம் புழங்குகிறது: நரம்புத் தளர்ச்சி. கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி, உடம்பு அசந்தால் நரம்புத் தளர்ச்சி, கால் மரத்தால், தூக்கம் கெட்டால், படியேற முடியாவிட்டால் எல்லாம் அதுவே. எங்கே என்று கேட்காமலே பதில் சொல்லிவிடும் சொல் அது. அதைச் சொல்லிக்கொண்டு டானிக்கும் லேகியமும் வாங்கி மாதங்களைக் கழித்தவர்கள் எத்தனையோ பேர். தசை வலுவிழந்தவருக்கு முதலில் கேட்கவேண்டிய கேள்வி, கோளாறு எங்கே என்பது. என்ன நோய் என்பது இரண்டாவது. அந்த முதல் கேள்விக்கான விடை, ஸ்கேன் படத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே, நோயாளி சொல்லும் கதையிலிருந்தும் பரிசோதிக்கும் மருத்துவரின் கையிலிருந்தும் வந்தாக வேண்டும் என்பதே என் வாதம்.

கடைமடை வயல் காய்ந்தால் விவசாயி வயலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வருகிறதா, கிளை வாய்க்கால் ஓடுகிறதா, மதகு திறந்திருக்கிறதா என்று மேல்நோக்கி நடந்து பார்ப்பார். உடம்பிலும் அசைவு ஒரு வழியாகத்தான் இறங்கிவருகிறது. மூளையின் மேற்பரப்பில், காதுக்கு மேலிருந்து உச்சிவரை ஓடும் ஒரு பட்டையில் அது பிறக்கிறது. அங்கிருந்து இறங்கும் இழைகள் மூளையின் ஆழத்தில் ஒரு குறுகிய கணவாயில் நெருக்கியடித்துச் சேர்ந்து, முகுளத்தின் அடியில் பெரும்பாலானவை எதிர்ப்பக்கம் தாண்டி, தண்டுவடத்துக்குள் இறங்குகின்றன. அங்கே முதல் நரம்பு செல்லின் பயணம் முடிகிறது. தண்டுவடத்தின் முன்பகுதியில் காத்திருக்கும் இரண்டாவது செல் செய்தியை வாங்கிக்கொள்கிறது. அதன் இழை வேராக, பின்னலாக, நரம்பாக வெளியே வந்து தசையைத் தொடுகிறது. தொடுகிறது என்று சொன்னாலும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அதை அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் கடந்துபோய்த் தசையை எழுப்புகிறது. இந்த வழியில் எங்கே உடைந்தாலும் கடைமடைத் தசை காய்ந்துதான் போகும். ஆனால் உடைந்த இடத்தைப் பொறுத்துக் காயும் விதம் வேறு.

அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது ஒரு சிறிய ரப்பர் சுத்தியல். கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில் ஒரு தட்டு. தொடைத்தசை ஒரு கணம் இழுபடுகிறது; அந்தச் செய்தி தண்டுவடத்துக்குள் போய் அப்படியே திரும்பிவந்து காலை உதைக்க வைக்கிறது. இதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை. ஆகவே வெளியே வரும் இரண்டாவது இழை பழுதென்றால் உதையே வராது. கால் துணிபோலத் தொங்கும், நாளாக நாளாகத் தசை மெலியும், தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடிக்கவும் செய்யலாம். மேலிருந்து இறங்கும் முதல் இழை பழுதென்றால் நேர் எதிர். மூளை வைத்திருந்த கடிவாளம் அறுந்துபோக, உதை முன்பைவிடப் பலமாக வரும், கால் விறைக்கும். இரண்டு பேராலும் காலைத் தூக்க முடியாது. ஆனால் ஒருவர் கால் தொய்வு, இன்னொருவர் கால் விறைப்பு. 1875இல் ஜெர்மானிய மருத்துவர்கள் எர்ப், வெஸ்ட்பால் இருவரும் ஒரே ஆராய்ச்சி இதழில் இந்த முழங்கால் உதையைப் பற்றித் தனித்தனியே எழுதினார்கள். 1896இல் பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி அதைவிட எளிதான ஒன்றை ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். உள்ளங்காலின் வெளியோரமாகக் குதிகாலிலிருந்து முன்னோக்கி மொட்டையான ஒரு முனையால் கீறினால் பெருவிரல் கீழே மடங்க வேண்டும். மேலே தூக்கிக்கொண்டால், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே இறங்கும் வழியில் எங்கோ சேதம். கைக்குழந்தைகளுக்கு அந்த வழி இன்னும் முதிராததால் அவர்களுக்கு விரல் மேலே எழுவது இயல்பு. நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்தும், வாகனச் சாவியின் முனையால்கூடச் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனைக்கு மாற்று வரவில்லை.

இந்த முறை எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு 1884ஆம் ஆண்டு லண்டனில் கிடைத்த சான்றைவிட வலுவானதை நான் அறியேன். 25 வயது ஸ்காட்லாந்து விவசாயி ஒருவருக்கு இடப்பக்க முகத்தில் துடிப்பு தொடங்கி, இடக்கைக்கு வலிப்பு பரவி, பிறகு அந்தக் கை வலுவிழக்க ஆரம்பித்தது. அவரைப் பரிசோதித்த ஹியூஸ் பெனட் கையில் எந்தப் படமும் இல்லை. எக்ஸ்ரேயே 11 ஆண்டுகள் கழித்துத்தான் வரப்போகிறது. ஆனால் அவருக்கு முன்னால் ஹியூலிங்ஸ் ஜாக்சன் வலிப்பு உடம்பில் நகரும் வரிசையைப் பார்த்து, மூளையில் அசைவுக்கென்று ஒழுங்காக அமைந்த ஓர் இடம் இருந்தாக வேண்டும் என்று ஊகித்திருந்தார். 1870இல் பெர்லினில் ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் இருவரும் நாயின் மூளையில் மின்சாரம் பாய்ச்சி அந்த இடத்தைக் காட்டியும் இருந்தார்கள். முகமும் கையும் முதலில் துடித்ததால் பட்டையின் பக்கவாட்டுப் பகுதி. இடப்பக்கம் என்பதால் வல மூளை. பெனட் இடத்தைக் குறித்துக்கொடுக்க, நவம்பர் 25 அன்று ரிக்மன் காட்லி அந்த இடத்தில் மண்டையோட்டைத் திறந்தார். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அக்ரூட் அளவில் கட்டி இருந்தது. சுமார் நான்கு வாரங்கள் கழித்து நோயாளி கிருமித் தொற்றால் இறந்துபோனார், அந்தக் காலத்து அறுவை சிகிச்சை அவ்வளவுதான் தாங்கியது. ஆனால் தலைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டியை, விரலும் முகமும் சொன்ன சாட்சியை மட்டும் வைத்து விரல்கடை அளவுக்குக் குறித்துக்காட்ட முடிந்தது.

கையால் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே பாதி விடை கதையில் வந்துவிடுகிறது. அதற்குச் சரியான கேள்வி வேண்டும். நம் ஊர் நரம்பியல் மருத்துவர்கள் வழிவழியாகக் கேட்டுவரும் கேள்விகள் நம் வாழ்க்கையிலிருந்தே எடுக்கப்பட்டவை. சோறு பிசைய முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? முடியாவிட்டால் விரல் பக்கத் தசைகள். தலைவார, பரணில் பாத்திரம் வைக்கக் கை எழவில்லையா? தோள் பக்கம். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, குந்தி எழ முடியவில்லை என்றால் இடுப்பும் தொடையும். நுனித் தசைகள் முதலில் போனால் நீளமான நரம்புகளின் மேல் சந்தேகம். இடுப்பும் தோளும் இரண்டு பக்கமும் சமமாகப் போனால் தசையின் மேலேயே சந்தேகம். தரையில் விழுந்த சிறுவன் தன் தொடையையே கையால் பிடித்து, படிப்படியாகத் தன் உடம்பின் மேலேயே ஏறி நிமிர்ந்தால், அதைப் பார்த்த மருத்துவருக்குத் தசைச் சிதைவு நோய் மனதில் வந்துவிடும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது செருப்புக் கேள்வி. நடக்கும்போது செருப்பு கழன்றுபோகிறது என்கிறார் ஒருவர். கழல்வது தெரிகிறதா, வேறு யாராவது சொல்லித்தான் தெரிகிறதா? தெரிந்தும் பிடித்துவைக்க முடியவில்லை என்றால் பாதத்தை இறுக்கும் தசையில் வலு இல்லை. தெரியவே இல்லை என்றால் பாதத்தின் உணர்ச்சி போயிருக்கிறது. ஒரே செருப்பு, ஒரே தெரு. ஒற்றைக் கேள்வி தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. உணர்ச்சி கொஞ்சமும் குறையாமல் வலு மட்டும் போனால் தண்டுவடத்தின் முன்பகுதிச் செல், நரம்பு-தசைச் சந்திப்பு, தசை ஆகிய மூன்று இடங்களே முன்னுக்கு வருகின்றன. மார்புக்குக் கீழே கோடு கிழித்ததுபோல மரத்து, சிறுநீரும் கட்டுப்படாமல் போனால் தண்டுவடத்தை விட்டு வேறெங்கும் தேடக்கூடாது, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

முகம் இன்னும் தெளிவாகப் பேசும். வாய் கோணியவரைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தசைக்கு இரண்டு பக்க மூளையிலிருந்தும் செய்தி வருவதால், மூளையில் அடைப்பு என்றால் வாய் கோணினாலும் நெற்றியில் சுருக்கம் விழும். நெற்றியும் வழவழவென்று கிடந்து கண்ணும் மூட முடியவில்லை என்றால் பெரும்பாலும் முக நரம்பு. முகவாதக்காரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள்.

இப்படிக் கூர்ந்து பார்ப்பது பழைய அறிவைப் பயன்படுத்த மட்டுமல்ல, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவும் உதவியிருக்கிறது. சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970இல் ஒரு விஷயத்தை எழுதினார்கள். இயக்க நரம்பு செல்கள் அழியும் நோய் மேலை நாடுகளில் பொதுவாக நடுவயதுக்குப் பிறகு வந்து, சில ஆண்டுகளில் உயிரைக் குடிக்கும். தங்களிடம் வந்தவர்களில் ஒரு பகுதியினர் இளம் வயதினர். கை கால் தசைகள் மெலிந்தன, முகத்திலும் தொண்டையிலும் வலு குறைந்தது, பலருக்குக் காதும் மந்தமானது. ஆனால் நோய் மெதுவாகவே நகர்ந்தது. உலக மருத்துவ நூல்கள் இன்றும் இதை மெட்ராஸ் இயக்க நரம்பு செல் நோய் என்றே குறிப்பிடுகின்றன. எந்த நரம்புகள் போயின, எவை தப்பின என்று ஒவ்வொரு நோயாளியிடமும் குறித்துவைத்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பு.

சரி, அதெல்லாம் எம்.ஆர்.ஐ. இல்லாத காலம்; இப்போது தலை முதல் இடுப்புவரை படமெடுத்துப் பார்த்துவிட்டால் போகிறது, எதற்குச் சுத்தியல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தண்டுவடத்தை நெரிக்கும் கட்டியையும் காசநோய்ச் சீழையும் இன்று பார்ப்பதுபோல் அன்று யாரும் பார்த்ததில்லை. அந்தப் படத்தின் அருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் படம் காட்டச் சொன்ன இடத்தை மட்டுமே காட்டும். கால் இரண்டும் விறைத்து, நடை தள்ளாடி வரும் ஒருவருக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள் என்று வையுங்கள். "ஜவ்வு விலகியிருக்கு" என்று அறிக்கை வருகிறது. பெல்ட், இழுவைச் சிகிச்சை, சில சமயம் அறுவை சிகிச்சை என்று போகிறது. ஆனால் பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பெலும்பின் முதலிரண்டு கட்டைகளோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டுமே தொங்குகின்றன. நாலாவது, ஐந்தாவது கட்டை நடுவே ஜவ்வு எவ்வளவு விலகினாலும் அது காலை விறைக்க வைக்காது, பெருவிரலை மேலே தூக்காது. உள்ளங்காலைக் கீறிப் பார்த்திருந்தால் கோளாறு அதற்கு மேலே, முதுகிலோ கழுத்திலோ இருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று கேட்டிருந்தால் கழுத்துதான் என்றும் தெரிந்திருக்கலாம்.

படத்தில் தெரிந்த ஜவ்வு உண்மையில்லையா என்றால், உண்மைதான்; குற்றவாளிதானா என்பதுதான் கேள்வி. 1994இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஒரு மட்டத்திலாவது ஜவ்வு உப்பியிருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் இவர்கள். ஆக, காலில் வலு குறைந்த யாருக்கும் இடுப்பைப் படமெடுத்தால் எதையாவது காட்ட வாய்ப்பு பாதிக்குப் பாதி. பாதம் தொங்கிப்போனவரை எடுத்துக்கொள்ளுங்கள். களையெடுக்கவோ கிழங்கு பிடுங்கவோ மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர்களுக்கும், வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்தவர்களுக்கும், முழங்காலின் வெளிப்பக்க எலும்பின் கழுத்தில் தோலுக்கு வெகு அருகே வளைந்து போகும் நரம்பு நசுங்கலாம். இடுப்பில் ஐந்தாம் வேர் நசுங்கினாலும் பாதம் இதேபோலத் தொங்கும். இரண்டையும் பிரிக்க மருத்துவர் பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, உள்ளங்காலை உள்பக்கமாகத் திருப்பச் சொல்வார். திருப்பும் தசைக்கு முழங்காலோரத்து நரம்பு போவதில்லை, ஐந்தாம் வேரின் இழை போகிறது. நன்றாகத் திருப்பினால் கோளாறு முழங்காலில். திருப்ப முடியாவிட்டால் இடுப்பில். உட்காரும் விதத்தை மாற்றினால் தேறிவிடக்கூடியவருக்கும் முதுகில் கத்தி வைக்கவேண்டியவருக்கும் நடுவில் இருப்பது அந்த அரை நிமிடம்.

இன்னும் சில இடங்களில் படத்துக்கு வேலையே இல்லை. முதலில் சொன்ன கட்டுவிரியன் கடியை மறுபடி பார்ப்போம். அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, வீங்குவதில்லை, பல்தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை சொருகல், விழுங்க முடியாமை, கை கால் தளர்ச்சி, கடைசியில் மூச்சு. முற்றிய நிலையில் கண்ணின் பாவைகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் மூளைச்சாவு போலவே தோன்றும். மூளை ஸ்கேன் இயல்பாக இருக்கும், ஏனென்றால் மூளை இயல்பாகவே இருக்கிறது. உள்ளே அவர் விழித்துக்கொண்டு, சுற்றியிருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருந்தால் நரம்பு நுனிகள் மறுபடி முளைத்து எழுந்துவருவார். தரையில் தூங்கினாரா, இமை முதலில் விழுந்ததா என்ற இரண்டு கேள்விகளே அவர் உயிர். அதே சந்திப்பில் வேறு காரணத்தால் வருவது மயஸ்தீனியா கிராவிஸ். காலையில் தெளிவாக இருக்கும் இமை சாயங்காலம் தாழும், பேசப் பேசக் குரல் மங்கும், மெல்ல மெல்லத் தாடை சோரும். 1934இல் லண்டன் கிரீன்விச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், இந்த நோயின் தளர்ச்சி குராரே விஷத்தின் பாதிப்பைப் போலவே இருக்கிறதே என்று யோசித்து, அந்த விஷத்துக்கு முறிவான மருந்தை ஊசியாகப் போட்டார். விழுந்திருந்த இமை ஒரு மணி நேரத்துக்குள் எழுந்தது. அசெட்டைல்கோலினை ஏற்கும் புரதங்கள் அந்த நோயாளிகளின் தசையில் குறைந்திருக்கின்றன என்று 1973இல் எண்ணிக் காட்டப் பயன்பட்டதும் ஒரு விஷமே, தைவானின் கட்டுவிரியன் இனத்துப் பாம்பிடமிருந்து பிரித்தெடுத்தது. பாம்புக் கடியும் நாட்பட்ட நோயும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டதை முதலில் காட்டியது தாழ்ந்த இமை.

படம் சுத்தமாக வரும்போது இன்னொரு கொடுமையும் நடக்கிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, அப்படியானால் நடிக்கிறார் என்று முடிவுகட்டிவிடுவது. கால் நரம்புகள் அரிபடத் தொடங்கிய நோயாளியையும் இப்படித் திருப்பி அனுப்பினால் இரண்டு நாளில் மூச்சுத் திணறலோடு வரக்கூடும். 1916இல் கீயேன், பாரே, ஸ்ட்ரோல் மூவரும் இரண்டு பிரெஞ்சுப் படைவீரர்களிடம் விவரித்த அதே நோய்க்கு முதல் தடயம் சுத்தியல் தட்டியும் உதைக்காத முழங்கால். மன அழுத்தத்தோடும் மூளையின் இயக்கக் குளறுபடியோடும் சேர்ந்து, உறுப்பில் சேதமில்லாமல் வரும் உண்மையான பலவீனமும் உண்டு. அதற்கும் நேரடிச் சான்று இருக்கிறது. படுக்கவைத்து, வலுவிழந்த காலின் குதிகாலைக் கீழே அழுத்தச் சொன்னால் முடியாது. ஆனால் மற்றக் காலைத் தடுப்பை மீறித் தூக்கச் சொன்னால், வலுவில்லாத குதிகால் தானாகவே அழுத்தும். ஹூவர் 1908இல் சொன்ன இந்த அடையாளம் பாதை உடையவில்லை, செய்தி அனுப்பும் விதம் குழம்பியிருக்கிறது என்று காட்டுகிறது. நோயாளியைக் குற்றவாளியாக்க அது உதவாது. பயிற்சியால் மீளலாம் என்ற நம்பிக்கையை அவருக்கே கண்ணெதிரில் காட்ட உதவும்.

அடையாளங்கள் பொய் சொல்வதில்லையா? சொல்கின்றன. தண்டுவடம் திடீரென்று அடிபட்டால் முதல் நாட்களில் விறைப்பு வராது. கால் தொய்ந்தே கிடக்கும், உதையும் இருக்காது, விறைப்பு வாரங்கள் கழித்துத்தான் வரும். மூளையின் ஒரு பக்கக் கட்டி பெரிதாகி மூளைத்தண்டை எதிர்ப்பக்கத்து மடிப்பின் விளிம்போடு சேர்த்து நசுக்கினால், கட்டி இருக்கும் அதே பக்கக் கை கால் வலுவிழக்கும். 1929இல் கெர்னோஹனும் வோல்ட்மனும் காட்டிய வினோதம் இது. உள்ளங்காலைக் கீறியதும் விரல் எந்தப் பக்கம் போனது என்பதில் இரண்டு மருத்துவர்களே முரண்படுவதும் உண்டு. இதையெல்லாம் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: ஒற்றை அடையாளத்தை யாரும் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. உதை, விறைப்பு, மெலிவு, உணர்ச்சி, தொடங்கிய வேகம் எல்லாம் சேர்ந்து ஓர் இடத்தைச் சுட்டும்போது அது ஊகமாகிறது. அந்த ஊகத்தைச் சோதிக்கத்தான் ஸ்கேன். ஊகம் தவறென்று படம் காட்டினால் அதுவும் லாபமே, எங்கே தவறினோம் என்று தெரிந்துவிடுகிறது. ஊகமே இல்லாமல் எடுத்த படத்தில் தவறுகூடத் தெரியாது.

பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் மூளை செத்துக்கொண்டிருக்கிறதே, அங்கே தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமேது என்பது இதைவிடக் கூர்மையான மறுப்பு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் சி.டி. ஸ்கேனுக்கு உடனே ஓடத்தான் வேண்டும். ஆனால் அந்த ஸ்கேன் எதற்கு? ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க. அடைப்பால் வந்த பக்கவாதம் முதல் சில மணி நேரத்தில் சாதாரண சி.டி. படத்தில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. கசிவு இல்லை என்று படம் சொன்ன பிறகு ஊசி போடலாம் என்று முடிவெடுப்பது, ஒரு பக்க முகமும் கையும் காலும் பேச்சும் சேர்ந்து திடீரென்று போனதைப் பார்த்த கண்தான். முகம், கை, கால் மூன்றும் சமமாகப் போனால் ஆழத்துக் கணவாயில் அடைப்பு. பேச்சும் கையும் போய்க் கால் ஓரளவு தப்பினால் மேற்பரப்பில் அடைப்பு. சிரிக்கச் சொல், கையைத் தூக்கச் சொல், ஒரு வாக்கியம் பேசச் சொல் என்று வீட்டார்களுக்கே கற்றுக்கொடுக்கிறார்களே, அதுவும் இந்த இடங்காணும் வித்தையின் முதல் பாடமே.

கடைசியாக, நூறு பேர் காத்திருக்கும் வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காதே, இந்த நுட்பமெல்லாம் பெரிய நிபுணர்களுக்குத்தானே என்பார்கள். நேரமின்மை உண்மை. காலுறையைக் கழற்றாமல் உள்ளங்காலைப் பார்க்க முடியாது, வேட்டியை விலக்காமல் தொடை மெலிவைப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு திரையும் ஒரு கட்டிலும் சில நிமிடமும் வேண்டும், அரசு அதைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் நிபுணர்களுக்கு மட்டும் என்பதை இந்தியாவின் அனுபவமே மறுக்கிறது. போலியோ ஒழிப்புக்காக நாடு முழுக்கக் கட்டப்பட்ட கண்காணிப்பு ஒரே ஒரு இடக்குறிப்பின் மேல்தான் நிற்கிறது: 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரெனத் தொய்வாக வலு போனால் உடனே தெரிவிக்க வேண்டும். போலியோ என்று தெரிய வேண்டியதில்லை, தொய்வு என்று தெரிந்தால் போதும். போலியோ இல்லாத தொய்வு வாதமாவது ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒன்று கண்ணில் படாவிட்டால் அங்கே தேடுதல் சரியில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அளவுகோலே வைத்தது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட சிறுமி. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியா போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கண்காணிப்பு இன்றும் நிற்கவில்லை. நடக்காத குழந்தையைத் தாயின் மடியில் கிடத்தி, முழங்காலுக்கடியில் கைகொடுத்துக் காலை ஒரு சாண் தூக்கி விட்டுப் பார்க்கிறார்கள். நனைந்த துணிபோல அது விழுந்தால், 14 நாளுக்குள் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகத்துக்குப் புறப்படுகின்றன.